ஓடுபாதைக்கு மேலே ஒரு பாதை

லாஸ் ஏஞ்சலஸ் பன்னாட்டு விமான நிலையத்தின் நான்கு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. அவற்றுக்கு நேர் மேலே, 3,500 அடி உயரத்தில், ஒற்றை எஞ்சின் செஸ்னாவை ஓட்டிக்கொண்டு ஒரு தனியார் விமானி குறுக்கே கடந்துபோகலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கட்டுப்பாட்டு அறையோடு ஒரு வார்த்தை பேச வேண்டியதும் இல்லை. உலகின் நெரிசல் மிகுந்த வான்வெளிகளில் ஒன்றின் நடுவே இது சட்டப்படி நடக்கிறது.

விதிகள் சுருக்கமானவை. சாண்டா மோனிகா ரேடியோ வழிகாட்டியிலிருந்து 132 டிகிரியில் புறப்படும் கோட்டைப் பிடித்துப் பறக்க வேண்டும். தென்கிழக்கே போகிறவர் 3,500 அடியிலும் வடமேற்கே வருகிறவர் 4,500 அடியிலும் இருக்க வேண்டும். வேகம் 140 நாட் அளவை (மணிக்கு 140 கடல் மைல்) தாண்டக் கூடாது, விளக்குகள் எரிய வேண்டும், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 1201 என்ற எண் இருக்க வேண்டும், நடப்பு வரைபடம் கையில் இருக்க வேண்டும். ஜெட் விமானங்களுக்கு இந்த வழி கிடையாது. மற்றபடி, தான் எங்கே இருக்கிறேன் என்பதை ஒரு பொது அலைவரிசையில் சொல்லிக்கொண்டு போனால் போதும்.

இது எப்படிப் பாதுகாப்பாகிறது என்பதைக் கணக்கு சொல்லும். தரையிறங்கும் விமானங்கள் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மூன்று டிகிரிச் சரிவில் வருகின்றன. ஒரு கடல் மைலுக்குச் சுமார் 320 அடி இறங்கும் அந்தச் சரிவில், 3,500 அடி உயரம் என்பது நிலையத்திலிருந்து ஏறக்குறைய 11 கடல் மைல் தள்ளி இருக்கிறது. புறப்படும் விமானங்கள் மேற்கே பசிபிக் கடலின் மேல் ஏறுகின்றன. அவை அந்த உயரத்தை எட்டும்போது நிலையம் பின்னால் போயிருக்கும். ஓடுபாதைக்கு நேர் மேலே உள்ள இடத்தில் பெரிய விமானங்கள் தரையிலோ தரையை ஒட்டியோதான் இருக்கின்றன. எனவே சிறு விமானம் கடப்பதற்கு ஏற்ற இடம் நிலையத்தின் தலைக்கு மேல்தான். நிலையத்தை விட்டு விலகிப் போவதாக நினைத்துப் பத்து மைல் கிழக்கே ஒதுங்கினால், இறங்கிவரும் ஜெட்களின் வரிசைக்குள் போய் நிற்க நேரும்.

தனியார் விமானிகளை நெரிசலான வான்வெளிக்குள் விடலாமா என்ற விவாதம் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் தாராளம், கண்டிப்பு என்ற இரு சொற்களுக்குள் சிக்கிக்கொள்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் பாதை வேறொன்றைக் காட்டுகிறது. கட்டுப்பாட்டாளரின் நேரத்தையோ நல்லெண்ணத்தையோ நம்பியிராத ஒரு வழியை யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். அப்படி வரைந்த இடத்தில் சிறு விமானத்துக்கு இடம் கிடைக்கிறது. வரையாத இடத்தில் விதிப்புத்தகம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் கிடைப்பதில்லை.

இந்த ஏற்பாடு எளிதாக வந்துவிடவில்லை. 1956 ஜூன் 30 அன்று கிராண்ட் கேன்யனுக்கு மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்ததைத் தொடர்ந்துதான் 1958-இன் கூட்டாட்சி விமானப் போக்குவரத்துச் சட்டமும் இன்று எஃப்ஏஏ என்று அறியப்படும் அமைப்பும் பிறந்தன. பெரிய நிலையங்களைச் சுற்றி, அனுமதி பெற்றே நுழைய வேண்டிய ‘முனையக் கட்டுப்பாட்டுப் பகுதிகள்’ 1970 முதல் வரத் தொடங்கின. 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியேகோவில் ஒரு போயிங் 727-உம் ஒரு செஸ்னா 172-உம் மோதின. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் இறந்தார்கள். அந்தச் செஸ்னா கட்டுப்பாட்டாளரோடு பேசிக்கொண்டுதான் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று போயிங் விமானிகளுக்கும் சொல்லப்பட்டது. அவர்கள் அதைக் கண்டதாகச் சொன்னார்கள், பிறகு தவறவிட்டார்கள்.

1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸை அடுத்த செரிடோஸ் நகரின் மேல் நடந்தது அமெரிக்க விதிகளை மாற்றிப்போட்டது. டாரன்ஸ் என்ற சிறு விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட ஒரு பைப்பர் சிறு விமானம், தெரியாமலேயே முனையக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் புகுந்துவிட்டது. அதன் டிரான்ஸ்பாண்டர் உயரத்தைச் சொல்லாத வகை. சுமார் 6,500 அடியில் அது ஏரோமெக்ஸிகோவின் டிசி-9 விமானத்தோடு மோதியது. டிசி-9-இல் 64 பேர், பைப்பரில் 3 பேர், தரையில் வீடுகளில் இருந்த 15 பேர் என 82 உயிர்கள் போயின. விசாரணை வாரியம் முதன்மைக் காரணமாகக் குறித்தது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வரம்புகளை. பைப்பர் அனுமதியின்றி நுழைந்ததும், ‘பார்த்துத் தவிர்’ என்ற கோட்பாட்டின் வரம்புகளும் துணைக் காரணங்களாகவே இடம்பெற்றன.

அந்தக் கோட்பாட்டைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். கண்பார்வை விதிகளின்படி, அதாவது விமானிகள் விஎஃப்ஆர் என்று அழைக்கும் முறைப்படி பறப்பவருக்கு இறுதிப் பாதுகாப்பு அவருடைய கண்தான். மோதும் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் நகர்வதே இல்லை. ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, கடைசி நொடிகளில்தான் பெரிதாகிறது. நம் கண்ணோ அசைவதைத்தான் முதலில் பிடிக்கும். எதிரே வருவதைக் கண்டு, அது விமானம் என்று உணர்ந்து, முடிவெடுத்து, விமானம் திரும்பத் தொடங்க மொத்தம் 12.5 நொடி ஆகும் என்று எஃப்ஏஏவின் அறிவுரைச் சுற்றறிக்கை கணக்கிடுகிறது. ஆஸ்திரேலியாவின் விமானப் பாதுகாப்பு விசாரணை அமைப்பு 1991-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கோட்பாட்டின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. நெரிசலான வானில் ஜெட் விமானத்தையும் சிறு விமானத்தையும் பிரித்து வைக்கக் கண் மட்டும் போதாது என்பதில் எனக்கு ஐயமில்லை. வானத்தைத் திறந்துவிடச் சொல்கிறவர்கள் இந்த உண்மையைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது.

செரிடோஸுக்குப் பிறகு பெரிய நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல் வட்டத்துக்குள் உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமானது. பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி வந்தது. இந்தப் பதற்றத்தின் நடுவே, 1987-இல், லாஸ் ஏஞ்சலஸ் நிலையத்துக்கு மேலே அப்போதிருந்த சிறு விமானப் பாதையை எஃப்ஏஏ மூடியது. விபத்து நடந்த செரிடோஸ் அந்தப் பாதையிலிருந்து வெகு கிழக்கே இருந்தது. தனியார் விமானிகள் எதிர்த்தார்கள். பிறகு பாதை மீண்டும் திறந்தது; உயரம், வேகம், டிரான்ஸ்பாண்டர் எண் என்று நான் மேலே சொன்ன விதிகளோடு திறந்தது. இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: மூடியது அன்றைய பயத்துக்குப் பதில், திறந்த விதம் பொறியியல்.

மற்ற நாடுகளுக்குப் போகும்முன் எழுத்துகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 1990-இல் வான்வெளியை ஏ முதல் ஜி வரை ஏழு வகையாகப் பிரித்தது. ‘ஏ’ வகையில் கருவி விதிகளின்படி பறப்பவருக்கு மட்டுமே இடம். ‘பி’, ‘சி’, ‘டி’ மூன்றிலும் விஎஃப்ஆர் விமானங்கள் அனுமதி பெற்று நுழையலாம். எவரை எவரிடமிருந்து பிரித்து வைக்கும் பொறுப்பு கட்டுப்பாட்டாளருக்கு உண்டு என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன. ‘ஈ’ வகையில் விஎஃப்ஆர் விமானிக்கு அனுமதி தேவையில்லை. ‘ஜி’ கட்டுப்பாடற்ற வானம்.

உலகுக்கெல்லாம் ஒரே அகரவரிசை என்று தோன்றும். ஆனால் 1944-இன் சிகாகோ உடன்படிக்கையின் 38-ஆம் பிரிவு, பன்னாட்டுத் தரத்திலிருந்து விலகும் நாடு அந்த விலகலை அறிவித்தால் போதும் என்கிறது. அந்த வாசல் வழியாக ஒவ்வொரு நாடும் தன் வழக்கத்தை உள்ளே கொண்டுவந்துவிட்டது. அமெரிக்காவில் ‘சி’, ‘டி’ வான்வெளிகளுக்குள் போகத் தனி அனுமதி வேண்டாம். இருவழி ரேடியோத் தொடர்பு ஏற்பட்டாலே போதும். விமானி கூப்பிடுகிறார், கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்தின் அழைப்புப் பெயரைச் சொல்லி ‘ஸ்டாண்ட்பை’ என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடர்பு ஏற்பட்டுவிட்டது, உள்ளே போகலாம். பெயரைச் சொல்லாமல் ‘கூப்பிடும் விமானம், ஸ்டாண்ட்பை’ என்று சொன்னால் வெளியே காத்திருக்க வேண்டும். எல்லையைத் தாண்டிக் கனடாவுக்குள் போனால் அதே ‘சி’ வகைக்குத் தெளிவான அனுமதி வேண்டும். பிரிட்டனில் ‘டி’ வகைக்கே வேண்டும். ஒரே உரிமம், ஒரே விமானம், ஒரே எழுத்து; ஆனால் ஓரிடத்தில் பதில் கிடைத்தாலே கதவு திறக்கிறது, இன்னோரிடத்தில் கட்டுப்பாட்டாளர் ‘சரி’ என்று சொல்லும்வரை மூடியே இருக்கிறது. சுமையைச் சுமப்பவர் யார் என்பதையே இந்த வேறுபாடு மாற்றிவிடுகிறது. அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர் ஒருவரை வெளியே நிறுத்த விரும்பினால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் கட்டுப்பாட்டாளர் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே மறுத்ததாகிவிடும்.

மேலே போனால் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், அட்லாண்டா போன்ற நிலையங்களைச் சுற்றியிருப்பது ‘பி’ வகை. தொடக்கத்தில் சொன்ன பாதை போன்ற விதிவிலக்குகளைத் தவிர, அதற்குள் போக அனுமதி கட்டாயம். ஆனால் தனியார் விமானி உரிமம் உள்ள எவரும் கேட்கலாம். மாணவ விமானியும் பயிற்றுநரின் தனிக் கையொப்பம் இருந்தால் நுழையலாம். தனியாகத் தரையிறங்கவும் புறப்படவும் மட்டும் பன்னிரண்டு நிலையங்களில் தடை. லண்டனைச் சூழ்ந்த முனைய வான்வெளியோ ‘ஏ’ வகை. பல இடங்களில் 2,500 அடியிலேயே அது தொடங்கிவிடுகிறது. கண்பார்வை விதிகளில் பறப்பவர் அதற்குள் போகக் கேட்கவே வழியில்லை. அவர் அதன் அடியில், நகரங்களின் மேல், மற்ற எல்லாச் சிறு விமானங்களோடும் நெருக்கியடித்துப் பறக்க வேண்டியதுதான்.

இந்த வேறுபாட்டின் வேர் பாதுகாப்புத் தத்துவத்தில் இருப்பதைவிடப் பணத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்கள் பெரும்பாலும் அரசு ஊழியர்கள். அவர்களுக்கான செலவில் பெரும்பகுதி, 1970-இல் தொடங்கிய அறக்கட்டளை நிதி வழியாகப் பயணச்சீட்டு வரியிலிருந்தும் எரிபொருள் வரியிலிருந்தும் வருகிறது. சிறு விமானத்தின் பெட்ரோலில் ஒவ்வொரு காலனுக்கும் 19.3 சென்ட் அந்த நிதிக்குப் போகிறது. தொகை சிறியது, ஆனால் அதைக் கட்டியவர் கேட்கும் உரிமையோடு கேட்கிறார். கனடா 1996-இல் இந்தச் சேவையை நவ் கனடா என்ற இலாப நோக்கமற்ற நிறுவனத்திடம் கொடுத்தது; அங்கே சிறு விமானங்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்துகின்றன. ஐரோப்பாவிலோ இரண்டு டன்னுக்குக் குறைந்த விமானங்களுக்கு வழித்தடக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. கேட்க இதமாக இருக்கும் இந்தச் சலுகைக்கு ஒரு விலை இருக்கிறது. ஆள் பற்றாக்குறை வரும் நாளில், பணம் தராதவருக்கான சேவைதான் முதலில் நிறுத்தப்படும். அதைக் கேள்வி கேட்க அவருக்கு ரசீதும் இருக்காது.

பிரிட்டனின் சட்டம் காகிதத்தில் நியாயமானது. 2000-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், 70-ஆம் பிரிவு, சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் எல்லா வகை விமானங்களின் தேவையையும் கருத்தில் கொள்ள வேண்டும், வான்வெளி திறம்படப் பயன்பட வழிசெய்ய வேண்டும் என்கிறது; பாதுகாப்பு இவை எல்லாவற்றுக்கும் மேல். இந்தப் பிரிவு நீதிமன்றத்தில் உரசிப் பார்க்கப்பட்டது. லண்டனுக்குத் தென்மேற்கே, தனிச் சொகுசு ஜெட்களுக்கான ஃபார்ன்பரோ நிலையத்தைச் சுற்றிப் புதிய ‘டி’ வான்வெளிக்கு ஆணையம் 2018-இல் ஒப்புதல் தந்தது. பக்கத்திலேயே இருக்கும் லாஷம் உலகின் பெரிய கிளைடர் மன்றங்களில் ஒன்று. எஞ்சின் இல்லாத கிளைடர், ஏறும் வெப்பக் காற்றைத் தேடி அலைகிறது. இந்த உயரத்தில் இந்தக் கோட்டில் போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லி அதனால் அனுமதி வாங்க முடியாது. லாஷம் மன்றம் வழக்குத் தொடுத்தது. 2019-இல் உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2020 பிப்ரவரியில் வான்வெளி நடைமுறைக்கு வந்தது.

தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். என்னைக் கவலைப்படுத்துவது அதற்குப் பிறகு வானில் நடப்பது. வான்வெளியில் ஒரு பெட்டியை மூடினால் அதற்குள் இருந்த சிறு விமானங்கள் மறைந்துவிடுவதில்லை. அவை பெட்டிகளுக்கிடையே உள்ள சந்துகளுக்குள் ஒதுங்குகின்றன. மான்செஸ்டர், லிவர்பூல் நிலையங்களின் வான்வெளிகளுக்கிடையே உள்ள தாழ்நிலைப் பாதை இதற்கு நல்ல சான்று. சுமார் நான்கு கடல் மைல் அகலம். நெடுங்காலம் 1,300 அடிக்கு மேல் ஏற முடியாத உயரம். வடக்கே போகிறவரும் தெற்கே வருகிறவரும் அதே உயரத்தில். லாஸ் ஏஞ்சலஸ் பாதையைப் போலவே இங்கும் தனி அனுமதி வேண்டாம். ஆனால் அங்கே எதிரெதிர்த் திசைகளுக்கு நடுவே ஆயிரம் அடி இருக்கிறது. இங்கே இருந்தது விமானியின் கண்கள் மட்டும். எஞ்சின் நின்றுபோனால் 1,300 அடியிலிருந்து இறங்க இடம் தேடக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். பயணிகள் விமானத்துக்கு ஆபத்துக் குறைந்தது உண்மை. அது குறைந்த அளவுக்குச் சிறு விமானிகளின் தலையில் வேறொரு ஆபத்து ஏற்றப்பட்டது. வான்வெளியை மூடும் ஆவணங்களில் இந்த இரண்டாவது கணக்கும் முதல் கணக்கின் அதே கவனத்தோடு இடம்பெற வேண்டும்.

அப்படியானால் அமெரிக்க முறையை எல்லோரும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? ஆஸ்திரேலியா முயன்று பார்த்தது. தொழிலதிபரும் விமானியுமான டிக் ஸ்மித் முன்னின்று வலியுறுத்திய, அமெரிக்க மாதிரியிலான தேசிய வான்வெளி அமைப்பின் ஒரு கட்டம் 2003 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பல இடங்களில் கட்டுப்பாடு தளர்ந்து ‘ஈ’ வகை வந்தது. ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 24 அன்று, டாஸ்மேனியாவின் லான்செஸ்டன் அருகே இறங்கிக்கொண்டிருந்த ஒரு போயிங் 737-உம் ஒரு சிறு விமானமும் ஆபத்தான அளவுக்கு நெருங்கின. பெரும் சர்ச்சைக்குப் பிறகு 2004-இல் மாற்றங்களின் ஒரு பகுதி திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவின் ‘ஈ’ வான்வெளிக்குப் பின்னால் அடர்த்தியான ரேடார் வலை இருக்கிறது, கேட்டவுடன் அருகிலுள்ள விமானத்தைச் சுட்டிக்காட்டும் கட்டுப்பாட்டாளர்கள் இருக்கிறார்கள், பல பத்தாண்டுப் பழக்கம் இருக்கிறது. வரைபடத்தில் எழுத்தை மாற்றியவர்களால் இவற்றைக் கூடவே கொண்டுவர முடியவில்லை. அதே ஆஸ்திரேலியாவில், சிட்னியின் கடற்கரையை ஒட்டி 500 அடிக்குக் கீழே போகும் ‘விக்டர் ஒன்று’ வழி சிறு விமானிகளின் விருப்பப் பாதையாக இருக்கிறது. அந்த இடத்துக்கென்றே வரையப்பட்ட வழி அது.

ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் பொது வான் விதிகளை இயற்றியது. சீர்மைக்கும் அதன் விலை உண்டு என்பது பிரிட்டனில் தெரிந்தது. ‘டி’ வகையில் தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்கும் சிறு விமானம் மேகத்துக்கு வெளியே, தரை தெரிய இருந்தால் போதும் என்பது அங்கே பழைய வழக்கம். பொது விதி மேகத்திலிருந்து 1,500 மீட்டர் பக்கவாட்டிலும் 1,000 அடி செங்குத்தாகவும் விலகச் சொன்னது. தாழ்ந்த மேகங்கள் நிரம்பிய அந்தத் தீவில் இதனால் பல நாள்கள் நுழைவு அடைபடும். ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு பிரிட்டன் பழைய வழக்கத்துக்கே திரும்பியது. நேர்மாறாக, லண்டன் ஹீத்ரோ நிலையத்தின் கட்டுப்பாட்டு வலயம் 2014-இல் ‘ஏ’யிலிருந்து ‘டி’யாக மாறியதற்கும் அதே பொது விதிகள்தாம் காரணம்.

நம் நாட்டில் கேள்வியே வேறிடத்தில் தொடங்குகிறது. சிகாகோ உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு, காலஅட்டவணையற்ற சிவில் விமானங்களுக்குப் பிற நாடுகளின் மேல் பறக்கத் தாராளமான உரிமை தருகிறது. நடைமுறையில் பல நாடுகள் முன் அனுமதி கேட்கின்றன, இந்தியாவும் கேட்கிறது. உள்நாட்டுக்குள்ளேயே, கண்பார்வை விதிகளில் பறப்பவர்கூடப் பயணத் திட்டம் தாக்கல் செய்து, வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும், சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா தகவல் மையங்களில் ஒன்றிலிருந்து இன்னோர் எண்ணும் பெற்றுக் கிளம்புவதே பொது நடைமுறை. சூரியன் மறைந்து 20 நிமிடத்திலிருந்து உதிப்பதற்கு 20 நிமிடம் முன்வரை விஎஃப்ஆர் பறப்பு பொதுவாகக் கூடாது. இங்கே ஒரு வான்வெளி ‘சி’யா ‘டி’யா என்பதைவிட, இந்தப் பறப்பை அரசுக்கு முன்கூட்டித் தெரிவித்தாயிற்றா என்பதே பெரிய கேள்வி. எல்லைப் பதற்றமும் ராணுவத்தின் கையில் உள்ள பரந்த வான்வெளியும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. அந்தக் காரணங்கள் உண்மையானவை. ஆனாலும் பறக்கும் மன்றங்களும் பயிற்சிப் பள்ளிகளும் பெருகும் நாட்டில், பெருநகர்களைக் கடக்கும் சிறு விமானங்களுக்கென்று நிலையான வழிகளை இப்போதே வரைந்துவைப்பது நல்லது. போக்குவரத்து பெருகிய பிறகு வரைவது கடினம்.

வழி வரைந்துவிட்டாலே போதும் என்று நான் சொல்லவில்லை. நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றின் மேல், ‘பி’ வான்வெளிக்கு அடியில், அனுமதியின்றிப் பறக்கும் தாழ்வான இடைவெளி நெடுநாளாக இருந்தது. 2009 ஆகஸ்ட் 8 அன்று அங்கே ஒரு பைப்பரும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், அவரவர் போகும் திசைக்கு வலப்பக்கக் கரையை ஒட்டிப் பறப்பது, குறிப்பிட்ட இடங்களில் தன் இருப்பை அறிவிப்பது, 140 நாட் வேக வரம்பு, ஆற்றின் வழியே கடந்துபோகிறவர்களுக்கும் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கும் தனித்தனி உயரம் ஆகியவை கட்டாயமாயின. பாதையை மூடச் சொல்லி எழுந்த குரல்களுக்கு நடுவே எஃப்ஏஏ அதைத் திருத்திக் காத்தது சரியான முடிவு.

வாஷிங்டனின் கதை இன்னும் கசப்பானது. 2025 ஜனவரி 29 இரவு, போடோமாக் ஆற்றின் மேல் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். இதில் தனியார் விமானி எவரும் இல்லை. ஆனால் வரையப்பட்ட பாதை ஒன்று இருந்தது. 200 அடிக்கு மேல் ஏறக் கூடாத ஹெலிகாப்டர் வழி, ரீகன் நிலையத்தின் 33-ஆம் ஓடுபாதைக்கு இறங்கும் சரிவின் அடியில் போனது. இரண்டுக்கும் நடுவே சில இடங்களில் 75 அடிதான் இருந்தது என்று விசாரணை வாரியம் கண்டது. லாஸ் ஏஞ்சலஸில் ஆயிரக்கணக்கான அடிகளால் செய்யப்பட்ட பிரிப்பு இங்கே பத்துகளில் செய்யப்பட்டிருந்தது. 2021 அக்டோபரிலிருந்து 2024 டிசம்பர் வரை விமானமும் ஹெலிகாப்டரும் பக்கவாட்டில் 1,500 அடிக்கும் செங்குத்தாக 200 அடிக்கும் குறைவாக நெருங்கிய சம்பவங்கள் 85. அவை எஃப்ஏஏவின் பதிவுகளிலேயே இருந்தன. ஆனால் எஃப்ஏஏ அவற்றை எடுத்துப் பார்த்துக் கோட்டை மாற்றவில்லை.

பதிவு இருந்தும் பார்க்காதது ஒரு குறை. பதிவே இல்லாமல் போவது அடுத்த குறை, அது தனியார் விமானிகளைப் பாதிக்கிறது. ஒருவர் ‘டி’ வான்வெளியின் விளிம்பில் நின்று கேட்டு, மறுக்கப்பட்டு, சுற்றிக்கொண்டு போய்விட்டால் அந்த மறுப்பு பெரும்பாலும் எங்கும் எண்ணப்படுவதில்லை. மறுப்பைத் தெரிவிக்கப் பிரிட்டனில் ஒரு படிவம் இருக்கிறது; நிரப்ப வேண்டியவர் மறுக்கப்பட்ட விமானிதான். அதைக் கட்டுப்பாட்டு நிலையங்களின் கடமையாக மாற்ற வேண்டும். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்கு எந்தக் காரணத்தால் கிடைக்கவில்லை என்பதை ஒவ்வொரு நிலையமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வான்வெளியின் வகையைத் தொடர்ந்து மறுபரிசீலனை செய்யும் பொறுப்பு 2019-இல் பிரிட்டிஷ் ஆணையத்தின் மேல் சுமத்தப்பட்டது. அதற்கான நடைமுறையும் அடுத்த ஆண்டு வெளியானது. நிலையங்கள் இந்த எண்களைத் தந்தால்தான், பயன்படாமல் மூடிக்கிடக்கும் பெட்டி எது, உண்மையில் நெரிசலான பெட்டி எது என்று அந்த மறுபரிசீலனையால் பிரித்துச் சொல்ல முடியும்.